வாங்கினால் மட்டும் போதுமா?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களில் சுகாதாரத் துறையிடம் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளில் ஒரு வகை உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு என்னென்ன உபகரணங்கள் வாங்கப்பட்டன, எத்தனை வாங்கப்பட்டன, அதற்கு எத்தனை கோடி ரூபாய் செலவானது என்பதுதான் அது. அமைச்சரும் மாநில வாரியாகப் பட்டியலை இணைத்துப் பதிலளித்துவிடுவார். கேட்டவருக்கும் திருப்தி, பதிலளித்தவருக்கும் திருப்தி. வாங்கிய உபகரணங்களில் இன்றைய தேதியில் எத்தனை இயங்குகின்றன, இயங்காதவை எதனால் முடங்கிக் கிடக்கின்றன என்கிற துணைக் கேள்வி மட்டும் அபூர்வமாகத்தான் எழுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் கண்காணிப்புக் கருவியையே எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை ஊழியர்கள் அதை 'மானிட்டர்' என்றே அழைக்கிறார்கள். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு, சுவாசம், உடல் வெப்பம் ஆகியவற்றை அது இடைவிடாமல் காட்டுகிறது. அளவு தவறினால் ஒலி எழுப்புகிறது. ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பல படுக்கைகளைக் கவனிக்க வேண்டிய நம்நாட்டு அரசு மருத்துவமனைகளில், அந்த ஒலிதான் அவருக்கு இரண்டாவது ஜோடிக் கண்.

இந்தக் கருவியின் திரையும் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையும் அவ்வளவு எளிதில் பழுதாவதில்லை. பழுதாவதெல்லாம் கைபடும் பாகங்கள்தான். விரலில் மாட்டும் கிளிப்பின் கீலும் சுருள்வில்லும் உடைகின்றன. நெஞ்சில் ஒட்டப்படும் மின்முனைகளுக்குச் செல்லும் கம்பிகள் மடிந்து மடிந்து உள்ளுக்குள் அறுந்துபோகின்றன. கையில் சுற்றும் ரத்த அழுத்தப் பட்டையின் ரப்பர் பை கசிகிறது. அதற்குக் காற்றடிக்கும் சிறிய பம்ப்பும், காற்றை வெளியேற்றும் வால்வும் தேய்கின்றன. பேட்டரி வலுவிழக்கிறது. கருவியைத் தாங்கும் சட்டத்தின் சக்கரம் கழன்றுகொள்கிறது. கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இவை ஒவ்வொன்றும் சிறு தொகைக்கான பொருள்களே. ஆனால், இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கருவி நோயாளிக்குப் பயன்படாமல் போகிறது. பல நேரங்களில் அது அதைவிட மோசமான விளைவையும் ஏற்படுத்துகிறது. தளர்ந்துபோன கிளிப்பினால் கருவி அடிக்கடி பொய்யாக ஒலி எழுப்பினால், தொந்தரவு தாங்காமல் அந்த ஒலியையே நிறுத்திவைத்து விடுகிறார்கள்.

இது எங்கோ நடக்கும் விஷயம் என்று தமிழக வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. நமது எல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதி பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் இயங்கிவரும் திருப்பதி ரூயா அரசு பொது மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியில் உருவாகி 1993 முதல் சிகிச்சை அளித்துவரும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையமும் ராயலசீமைப் பகுதி ஏழை மக்களின் பெரும் நம்பிக்கை. நகரி, புத்தூர், சத்யவேடு, குப்பம் வட்டாரங்களில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். மலையேறும் பக்தர்களில் தமிழகத்திலிருந்து செல்பவர்கள் ஏராளம். நடைபாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் ஒரு பக்தரின் உயிர், திருப்பதி மருத்துவமனையின் மானிட்டர் ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்ததாக இருக்கக்கூடும்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி இரவு ரூயா மருத்துவமனையில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆக்சிஜன் ஏற்றிவந்த டேங்கர் லாரி தாமதமானதால், குழாய்களில் அழுத்தம் குறைந்தது. அரசுத் தரப்புக் கணக்கின்படி 11 கொரோனா நோயாளிகள் உயிரிழந்தனர். மீண்டும் ஆக்சிஜன் நிரப்புவதில் ஏற்பட்ட இடைவெளி சில நிமிடங்களே என்று அப்போதைய மாவட்ட நிர்வாகம் விளக்கம் அளித்தது. அந்தச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தன. அது கண்காணிப்புக் கருவியின் கோளாறால் நேர்ந்ததன்று. ஆனால், அது உணர்த்திய பாடம் இந்தக் கருவிக்கும் பொருந்தும். மருத்துவமனையில் படுக்கை இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள், குழாய்கள் இருந்தன. அறுந்தது வழங்கல் சங்கிலியின் ஒரு கண்ணி. பெரிய ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும் சிறிய இடைவெளி ஒன்று உயிர்களைக் குடித்துவிடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. ஆக்சிஜன் குறையும்போது அதை முதலில் கண்டு சொல்ல வேண்டியதும் நோயாளியின் விரலில் மாட்டப்பட்ட அந்தக் கிளிப்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு மத்திய அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2021 ஜூலையில் ரூ. 23,123 கோடியில் அவசரகால சுகாதார ஆயத்தத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ரூ. 64,180 கோடி மதிப்பிலான ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கட்டமைப்புத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மாவட்டங்கள்தோறும் தீவிர சிகிச்சைப் படுக்கைகள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகள் ஆகியவை இவற்றின் இலக்குகள். ஆனால், இத்தகைய கருவிகளுக்கான உத்தரவாத காலம் வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான். கொரோனா அலையின்போது அவசர அவசரமாக வாங்கிக் குவிக்கப்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் காலக்கெடுவைத் தாண்டுகின்றன. அதாவது, இலவசமாகக் கிடைத்துவந்த உதிரி பாகங்களை இனி விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு மருத்துவமனைகளின் கையில் பணம் இருக்கிறதா, பணம் இருந்தாலும் பாகம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

முன்பே மணி அடித்தாகிவிட்டது என்பதுதான் வேதனை. மத்திய சுகாதார அமைச்சகம் 29 மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளிலுள்ள உபகரணங்களைக் கணக்கெடுத்தது. 29,115 மருத்துவ நிலையங்களில் ஏறத்தாழ ரூ. 4,564 கோடி மதிப்புள்ள 7,56,750 உபகரணங்கள் பதிவு செய்யப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் 13 சதவீதம் முதல் 34 சதவீதம் வரையிலான உபகரணங்கள் இயங்காமல் கிடந்தன. மக்களின் வரிப்பணத்தில் வாங்கியவற்றில், சில மாநிலங்களில் மூன்றில் ஒன்று வெறும் இரும்புக் குவியல்! தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் உயிரி மருத்துவ உபகரணப் பராமரிப்புத் திட்டம் உருவானது இந்தப் பின்னணியில்தான். மாவட்ட மருத்துவமனைகளில் 95 சதவீதம், சமுதாய சுகாதார நிலையங்களில் 90 சதவீதம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 சதவீத நேரம் உபகரணங்கள் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அத்திட்டம் இலக்கு வகுத்தது. பராமரிப்புப் பொறுப்பு ஒட்டுமொத்தமாக ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும். பழுது ஏற்பட்டால், மருத்துவமனை ஒரே ஒரு தொலைபேசி எண்ணில் புகார் செய்தால் போதும்.

இத்திட்டத்தில் ஆரம்பத்திலேயே இறங்கிய மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. உபகரணங்களின் மொத்த மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தை ஆண்டுக் கட்டணமாகக் கொடுக்கும் முறையில் 2015-இல் தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. ஆட்சி மாறியது. உபகரணங்களின் மதிப்பு மிகைப்படுத்தப்பட்டதாகப் புகார் எழுந்து, 2021-இல் அந்த மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. வழக்கின் முடிவு எதுவாக இருப்பினும், அந்த ஒப்பந்த முறையின் பலவீனம் கண்கூடு. இயங்கும் நேரத்தைக் கருதாமல் சொத்து மதிப்பைக் கருதிப் பணம் கொடுத்தால், பட்டியலை நீட்டுவதில்தான் ஒப்பந்ததாரருக்கு லாபம் இருக்குமே தவிர, உடைந்த கிளிப்பை மாற்றுவதில் இருக்காது.

உதிரி பாகங்கள் ஏன் கிடைப்பதில்லை? இதற்கான காரணம் கொள்முதலின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்பவருக்கே ஆணை என்பதுதான் அரசு நடைமுறை. கருவியின் விலையைக் குறைத்துக் காட்டி ஆணையைப் பெறும் நிறுவனம், விட்டதை உதிரி பாகங்களின் விலையில் பிடித்துக்கொள்கிறது. பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து மதிப்பிடும் நல்ல வழக்கம் பல கொள்முதல் அமைப்புகளில் வந்துவிட்டது உண்மைதான். ஆனால், விரல் கிளிப், கம்பிகள், காற்றுப் பட்டை, பேட்டரி போன்றவை 'துணைப் பொருள்கள்', 'நுகர்பொருள்கள்' என்று பெயரிடப்பட்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வெளியே தள்ளப்படுவது வாடிக்கை. அதிகம் பழுதாவது எதுவோ, அதற்குப் பாதுகாப்பு இல்லை!

அடுத்தது, பூட்டு. ஒரு நிறுவனத்தின் கிளிப் இன்னொரு நிறுவனத்தின் மானிட்டரில் பொருந்தாது. இணைப்பு முனையின் வடிவம் வேறு, உள்ளே செல்லும் சமிக்ஞை வேறு. ஒரே வார்டில் நான்கு நிறுவனங்களின் கருவிகள் இருந்தால், நான்கு வகைக் கிளிப்புகளை இருப்பில் வைக்க வேண்டும். பழுது நீக்கும் கையேடும், உள்ளே நுழையும் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் பொறியாளரிடம் மட்டுமே இருக்கும். சென்னையிலோ ஹைதராபாதிலோ பெங்களூரிலோ இருக்கும் அவர் வந்து சேரும்வரை கருவி மூலையில் கிடக்கும். அந்த நிறுவனமே தொழிலைக் கைமாற்றினாலோ அந்த மாதிரியை நிறுத்திவிட்டாலோ கேட்கவே வேண்டாம். மருத்துவ உபகரணத் தொழிலில் நிறுவனங்கள் கைமாறுவது புதிதல்ல. மைசூரில் மானிட்டர்கள் தயாரித்துவந்த எல் அண்ட் டி நிறுவனத்தின் மருத்துவ உபகரணப் பிரிவை 2012-இல் ஸ்கான்ரே நிறுவனம் வாங்கியது ஓர் எடுத்துக்காட்டு. கைமாறிய பிறகும் பழைய கருவிகளுக்குப் பாகம் தரும் பொறுப்பு யாருடையது என்பதை மருத்துவமனை போடும் ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

நிறுவனங்கள் முன்வைக்கும் வாதத்தையும் கேட்டாக வேண்டும். உயிர் காக்கும் கருவியில் தரமற்ற பாகத்தைப் பொருத்தினால், தவறான அளவு காட்டும். தவறான அளவை நம்பிச் சிகிச்சை அளித்தால் விபரீதம் நேரும். பொறுப்பு யாருடையது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். போலி உதிரி பாகங்கள் சந்தையில் புழங்குவதை நாம் ஆதரிக்க முடியாது. ஆனால், இந்தக் காரணத்தைக் காட்டி வெளியாரின் பழுது நீக்கத்தையே தடுப்பது சரியா என்று அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். வெளியார் பழுது நீக்குவதால் பொது சுகாதாரத்துக்குப் பரவலான ஆபத்து இருப்பதாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று, அந்த நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் தெரிவித்தது. தரமான சேவைக்கு அவர்கள் தேவை என்றும் அது ஏற்றுக்கொண்டது. பழுது நீக்குவதற்காக மருத்துவக் கருவிகளின் மென்பொருள் பூட்டைத் திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து 2021-இல் அங்கே விலக்கும் அளிக்கப்பட்டது. தரத்துக்கு விதி வேண்டும், தனியுரிமைக்குச் சலுகை கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெற வேண்டிய முடிவு.

இங்கே என்ன நடந்தது? 'பழுது நீக்கும் உரிமை' குறித்து ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. கைப்பேசியைப் பழுது பார்க்கும் உரிமை நுகர்வோருக்கு வேண்டும்தான். ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டரைப் பழுது பார்க்கும் உரிமை அரசு மருத்துவமனைக்கு வேண்டும் என்பது அந்த முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறவில்லை. மருத்துவ உபகரணங்கள் அனைத்தும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 செப்டம்பரில் அளித்த 138-ஆவது அறிக்கை முழுவதும் மருத்துவ உபகரணங்களைப் பற்றியதே. 2023-இல் தேசிய மருத்துவ உபகரணக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உபகரணத்தின் பிறப்பைப் பற்றி இத்தனை அக்கறை காட்டும் அரசு, அதன் ஆயுளைப் பற்றியும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் வெளிநாட்டுப் பாகத்தின் மீது பழிபோட்டுவிட முடியாது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஏழை நாடுகள் பதினொன்றில், 60 மருத்துவமனைகளில் பழுதாகிக் கிடந்த 2,529 உபகரணங்களைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளியானது. அவற்றில் 72 சதவீதம், இறக்குமதிப் பாகம் எதுவும் இல்லாமலேயே மீண்டும் இயங்க வைக்கப்பட்டன. மின் இணைப்பு, குழாய், பேட்டரி, சிறு இயந்திர வேலைகள் ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் ஒருவரால் செய்ய முடிந்த வேலைகளே பெரும்பாலும் தேவைப்பட்டன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்குச் சித்தூரிலும் வேலூரிலும் பஞ்சமா என்ன? மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் பணியிடம் உருவாக்க ஆகும் செலவு, முடங்கிக் கிடக்கும் கருவிகளின் மதிப்புக்கு முன்னால் பெரிதாக இராது.

இறக்குமதியைத் தவிர்க்க முடியாத பாகங்களையும் இங்கேயே தயாரிக்கும் திறன் இல்லாமல் இல்லை. திருப்பதி மாவட்டத்தின் சத்யவேடு அருகே இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2015-லேயே கைப்பேசிகள் ஒருங்கிணைக்கப்பட்டன. ரேணிகுண்டா வட்டாரத்தில் மின்னணு உற்பத்தித் தொகுப்புகள் உள்ளன. விசாகப்பட்டினத்தில் மருத்துவத் தொழில்நுட்பத்துக்கென்றே 270 ஏக்கரில் தனி வளாகம் இயங்குகிறது. தமிழகத்தின் ஒரகடத்தில் மருத்துவ உபகரணப் பூங்காவுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்திருக்கிறது. 2024 நவம்பரில் மருத்துவ உபகரணத் தொழிலை வலுப்படுத்த மத்திய அரசு அறிவித்த ரூ. 500 கோடித் திட்டம், முக்கிய பாகங்களின் இறக்குமதியைக் குறைப்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டது. கைப்பேசியின் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் தொழிலாளர்கள் இருக்கும் மாவட்டத்தின் மருத்துவமனையில், ஒரு கிளிப்புக்காகவும் சிறு வால்வுக்காகவும் கடல் கடந்து வரும் பெட்டியை எதிர்பார்த்துக் கருவி காத்திருக்கிறது என்றால், அது தொழில்நுட்பத்தின் தோல்வி அல்ல, திட்டமிடலின் தோல்வி.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒப்பந்தப்புள்ளியிலேயே முக்கியமான உதிரி பாகங்கள், துணைப் பொருள்கள் ஒவ்வொன்றின் விலையையும் பெற்று, பத்து ஆண்டுகளுக்கான மொத்தச் செலவை வைத்து யார் குறைந்த விலைக்காரர் என்று முடிவு செய்ய வேண்டும். அத்தனை ஆண்டுகளுக்கும் பாகம் தருவது சட்டப்படியான கடமையாக வேண்டும். நிறுவனம் கைமாறினாலும் அந்தக் கடமை தொடர வேண்டும். பழுது நீக்கும் கையேட்டையும் கடவுச்சொல்லையும் கருவியோடு சேர்த்தே மருத்துவமனையிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு வாங்கும் கருவிகளுக்குப் பொதுவான இணைப்பு முனையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுக்கலாம். பராமரிப்பு ஒப்பந்ததாரருக்கு, கருவி இயங்கிய நாள்களைக் கணக்கிட்டே பணம் தர வேண்டும்.

இன்னொன்று, தமிழகம் ஏற்கெனவே காட்டிய வழி. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, மருத்துவமனைதோறும் கணக்குப் புத்தகம் கொடுத்து விநியோகித்தது. மருந்துத் தட்டுப்பாட்டைக் குறைத்த அந்த முறையைப் பல மாநிலங்கள் பின்பற்றின. அதே முறையை உதிரி பாகங்களுக்கும் ஏன் கொண்டுவரக் கூடாது? அதிகம் பழுதாகும் பாகங்களைப் பட்டியலிட்டு மாவட்டக் கிடங்கில் வைத்தால், சித்தூரில் உடைந்த கிளிப்புக்கு மாற்று அன்று மாலையே வார்டுக்கு வந்து சேரும். 2022-இல் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமான பின்னர், இரு மாவட்டங்களுக்கும் சேர்த்து இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று மத்திய அரசு நழுவிவிட முடியாது. தேசிய சுகாதார இயக்கத்தின் நிதி தில்லியிலிருந்துதான் போகிறது. உபகரணங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் தில்லியிடம்தான் இருக்கிறது. நிதி தரவில்லை என்று மாநிலங்களும் கைகழுவிவிட முடியாது. அவசரத் தேவைக்கு உதிரி பாகம் வாங்கும் அதிகாரத்தை மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அளிக்க ஓர் அரசாணை போதும்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் போதும். எத்தனை வாங்கினீர்கள் என்பதோடு, வாங்கியவற்றில் எத்தனை இயங்குகின்றன, இயங்காதவை எத்தனை நாளாக எந்தப் பாகத்துக்காகக் காத்திருக்கின்றன என்று மாவட்ட வாரியாகக் கேட்கட்டும். அந்தப் பட்டியலை அவையில் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தால்தான் அமைச்சகம் கணக்கெடுக்கும். கணக்கெடுத்தால்தான் பாகம் வந்து சேரும்.

புதிய கருவியைத் திறந்துவைக்க ரிப்பன் வெட்டுகிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். உடைந்த கிளிப்பை மாற்றுவதற்கு விழாவும் இல்லை, புகைப்படமும் இல்லை. ஆனால், நள்ளிரவில் நோயாளியின் மூச்சு தடுமாறும்போது செவிலியரை எழுப்பப் போவது கல்வெட்டில் பொறித்த பெயர் அல்ல, அந்தக் கிளிப்தான்!